கேபிள் அறுந்தபோது ஓடிய இன்டர்நெட், எதுவும் அறுபடாத நாளில் நின்றது ஏன்? கோவை, திருப்பூர் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை. சவுதி அரேபியாவின் ஜெத்தா நகருக்கு அருகே, செங்கடலுக்கு அடியில் இணையக் கேபிள்கள் அறுந்தன. எஸ்எம்டபிள்யூ-4, ஐஎம்இடபிள்யூஇ என்ற அந்த இரண்டும் இந்தியாவை ஐரோப்பாவோடு இணைப்பவை. அதில் எஸ்எம்டபிள்யூ-4 மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகிறது. மத்திய கிழக்கு வழியாகப் போகும் டிராஃபிக் தாமதமாகும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தன் அஸூர் கிளவுட் டிராஃபிக்கை வேறு பாதைகளில் திருப்பிவிட்டது. வேகம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். கோவையில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

73 நாள் கழித்து, நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. நம்மூர் நேரப்படி மாலை 4.50 மணி. எக்ஸ் தளம் திறக்கவில்லை, சாட்ஜிபிடி திறக்கவில்லை. வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்தவர்கள், ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பார்த்தவர்கள், ரவுட்டரைத் தட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் உண்டு. அன்று நடந்ததற்கு எந்தக் கேபிள் அறுந்ததும் காரணமில்லை. கரன்ட் போனதும் காரணமில்லை. கிளவுட்ஃபிளேர் என்ற ஒரு நிறுவனத்தின் சாஃப்ட்வேரில், அளவுக்கு மீறிப் பெரிதாகிப்போன ஒரே ஒரு ஃபைல்தான் காரணம்.

கடலுக்கடியில் இரண்டு பெரிய கேபிள்கள் போனபோது ஓடிய இன்டர்நெட், ஒரு ஃபைலுக்கு எப்படி நிற்கும்?

இதை ஏதோ ஐடி துறை பிரச்சினை என்று கடந்துபோக முடியாது. ஏற்றுமதி ஆர்டர், ஜிஎஸ்டி பில், வங்கிப் பரிமாற்றம், ஷிஃப்ட் அட்டெண்டன்ஸ் என்று கொங்கு மண்டலத்தின் தொழில் முழுக்க இப்போது இந்தப் பாதையில்தான் ஓடுகிறது.

சிக்னல் இல்லாத சாலை

கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சில வருடங்களாக நகரில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்திருக்கிறார்கள். லாலி ரோடு சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எப்போது போக வேண்டும் என்று ஒரு விளக்கு முடிவு செய்வதில்லை. வண்டி ஓட்டுபவர்களே பார்த்து, இடம் கிடைத்தால் நுழைந்து, வேண்டிய பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் (சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்ற புலம்பல் எனக்கும் உண்டு) போக்குவரத்து ஓடுகிறது.

இன்டர்நெட்டின் அடிப்படை வடிவமும் இதுதான். நீங்கள் அனுப்பும் ஒரு போட்டோ சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரியும். அவற்றை பாக்கெட் என்கிறோம். ஒவ்வொரு பாக்கெட்டும் வழியில் உள்ள ரவுட்டர்களைக் கேட்டுக் கேட்டுப் போகும். உலகம் முழுவதற்குமான வழியைத் தீர்மானிக்கும் தலைமையகம் என்று எதுவும் கிடையாது. ‘என் வழியாக வந்தால் இந்த முகவரிக்குப் போகலாம்’ என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்கிடம் சொல்லிவைக்கும். இந்த ஏற்பாட்டின் பெயர் பிஜிபி. 1989-ல் இரண்டு பொறியாளர்கள் மதிய உணவு மேஜையில் நாப்கின் காகிதத்தில் கிறுக்கிய திட்டம் அது. இன்றுவரை அதன் வாரிசுகளை வைத்துத்தான் உலகம் ஓடுகிறது.

ஹோப்ஸ் பக்கம் டிராஃபிக் நிற்கிறது என்றால் மசக்காளிபாளையம் ரோட்டில் திருப்பி, சிங்காநல்லூர் போய், திருச்சி ரோட்டைப் பிடிப்போம் இல்லையா? ஜெத்தா அருகே கேபிள் அறுந்தபோது பாக்கெட்டுகளும் அதைத்தான் செய்தன. சுற்றுப்பாதை என்பதால் நேரம் கூடியது. ஆனால் போய்ச் சேர்ந்தன. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இதேபோல் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் சர்வதேச இணைப்பில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு கேபிள்களும் பெருகின, மாற்றுப்பாதைகளும் பெருகின. 2022 இறுதிக் கணக்குப்படி 17 சர்வதேசக் கேபிள்கள் இந்தியாவில் 14 நிலையங்களில் கரையேறுகின்றன.

சாலை விஷயத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. சிக்கல் சாலையில் இல்லை.

வாளையார் எங்கே போனது?

2017-க்கு முன்பு கோவையிலிருந்து பாலக்காடு போனவர்களுக்கு வாளையார் செக்போஸ்ட் மறக்காது. லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். வண்டியை ஓரங்கட்டி, பேப்பர்களைக் காட்டி, முத்திரை வாங்கினால்தான் கேரளாவுக்குள் நுழைய முடியும். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வேறு வழிகள் இருந்தன. அங்கேயும் செக்போஸ்ட் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றில் வேலை நின்றால் மற்றது இயங்கும்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்கள் மூடப்பட்டன. சோதனை மட்டும் போகவில்லை. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. லாரி கிளம்பும் முன்பே ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தச் சோதனை முடிந்துவிடுகிறது. சாலையோரக் கட்டிடமாக இருந்த செக்போஸ்ட், எங்கோ ஒரு சர்வரில் ஓடும் சாஃப்ட்வேராக மாறிவிட்டது.

நெட்வொர்க் உலகில் நடந்ததும் அச்சு அசல் இதேதான். அதற்கு வைத்த பெயர்தான் ‘நெட்வொர்க் ஃபங்ஷன் விர்ச்சுவலைசேஷன்’, சுருக்கமாக என்எஃப்வி. பத்திரிகைத் தமிழில் ‘மெய்நிகர்’ என்று எழுதுவோம். ஆபீசில் எல்லோரும் விர்ச்சுவல் என்றுதான் சொல்வார்கள். அதையே வைத்துக்கொள்வோம்.

ஒரு நிறுவனத்தின் சர்வர் ரூமுக்குள் பத்து வருடங்களுக்கு முன் போயிருந்தால், ரேக்கில் அடுக்கடுக்காகப் பெட்டிகள் தெரிந்திருக்கும். கண்ட டிராஃபிக்கும் உள்ளே வராமல் தடுக்கும் ஃபயர்வால் ஒரு பெட்டி. வெளியூர் கிளைகளைப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் ஒரு பெட்டி. நிறையப் பேர் வந்தால் கூட்டத்தைப் பிரித்துவிடும் லோடு பேலன்ஸர் ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனித் தயாரிப்பு. பழுதானால் ஆள் வர வேண்டும், பார்ட்ஸ் வர வேண்டும்.

இந்தப் பெட்டிகளின் வேலையை எல்லாம் சாதாரண சர்வரில் ஓடும் சாஃப்ட்வேராக மாற்றிவிடலாம் என்று 2012 அக்டோபரில் உலகின் 13 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டன. அன்று அது ஆசை. 2020 ஏப்ரலில் ஜப்பானின் ராக்குடென் மொபைல் தன் நெட்வொர்க்கையே இப்படி முழுக்க விர்ச்சுவலாகக் கட்டி, வணிகச் சேவையைத் தொடங்கியது. இன்று உங்கள் கையிலுள்ள 5ஜி போனுக்குப் பின்னால் இருக்கும் ‘கோர்’ நெட்வொர்க்கிலும் பெரும்பகுதி சாஃப்ட்வேர்தான்.

ஒரு பனியன் கம்பெனியின் பாக்கெட் எங்கெல்லாம் போகிறது?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். திருப்பூர் காங்கேயம் ரோட்டில் தையல் யூனிட், பெருந்துறையில் சாயப்பட்டறை, கோவையில் ஆபீஸ் உள்ள ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனம்.

பழைய ஏற்பாட்டில் பெருந்துறையில் ஒருவர் ஈமெயில் திறந்தால்கூட அந்த டிராஃபிக் முதலில் லீஸ்டு லைன் வழியாகக் கோவை ஆபீசுக்கு வரும். அங்குள்ள ஃபயர்வாலைத் தாண்டி, பிறகுதான் வெளியே போகும். எல்லாம் தலைமை அலுவலகம் வழியாக. லைன் வாடகையும் அதிகம். கோவையில் கரன்ட் போனால் பெருந்துறையும் அம்போ.

புதிய ஏற்பாட்டுக்கு எஸ்டி-வான் என்று பெயர். மூன்று இடங்களிலும் சாதாரண பிராட்பேண்ட் இரண்டு, கூடவே ஒரு 5ஜி சிம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எந்த லைன் இப்போது நன்றாக ஓடுகிறது என்று அது நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும். பையருடன் வீடியோ கால் ஓடினால் தாமதம் குறைந்த லைனில் விடும். டிசைன் ஃபைல் அப்லோடு ஆனால் மெதுவான லைனே போதும் என்று அதில் தள்ளும். தலைமை அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்கிறது. பரவலாக்கப்பட்ட ரூட்டிங் என்று சொல்வது இதைத்தான்.

சும்மா சொல்லக் கூடாது, உண்மையிலேயே நல்ல விஷயம். லீஸ்டு லைனுக்கு மாதாமாதம் கொட்டிய பணம் மிச்சம். ஒரு லைன் போனால் வீடியோ கால் கட் ஆகாமல் அடுத்த லைனுக்குத் தாவிவிடும்.

ஆனால் கோவை ஆபீசில் இருந்த ஃபயர்வால் என்ன ஆச்சு? பெருந்துறை டிராஃபிக் இப்போது அதைத் தாண்டிப் போவதே இல்லையே? அதற்குத்தான் விர்ச்சுவல் செக்போஸ்ட். மூன்று கிளைகளின் டிராஃபிக்கும் சென்னையிலோ மும்பையிலோ உள்ள ஒரு டேட்டா சென்டருக்குப் போகும். அங்கே சாஃப்ட்வேர் ஃபயர்வால் சோதிக்கும், அடுத்து வைரஸ் சோதனை, அடுத்து இந்த ஊழியர் இந்தத் தளத்தைப் பார்க்க அனுமதி உண்டா என்ற சோதனை. சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் முடிந்த பிறகே பாக்கெட் வெளியே போகும். எதிர்முனையிலும் ஒரு செக்போஸ்ட் இருக்கும். நீங்கள் திறக்கும் இணையதளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற ஒன்று நின்றுகொண்டு, வருவது மனிதரா, பாட் என்கிற தானியங்கி நிரலா என்று பார்க்கும்.

ஆக, சாலைகள் பத்தாகப் பிரிந்தன. செக்போஸ்ட்கள் இரண்டு மூன்று கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டன. உலகில் உள்ள இணையதளங்களில் சுமார் ஐந்தில் ஒன்று கிளவுட்ஃபிளேரைப் பயன்படுத்துகிறது.

அன்று மாலை உண்மையில் என்ன நடந்தது?

கிளவுட்ஃபிளேர் அன்றே விரிவான விளக்கத்தை வெளியிட்டது. மறைக்காமல் எழுதியதற்குப் பாராட்டலாம்.

வருவது பாட்-ஆ மனிதரா என்று கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. எந்தெந்த அடையாளங்களைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் ஒரு ஃபைலாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தயாராகி, உலகம் முழுக்க உள்ள அவர்களின் சர்வர்களுக்குப் போகும். அன்று ஒரு டேட்டாபேஸில் அனுமதி அமைப்பை மாற்றினார்கள். அதன் பக்கவிளைவாகப் பட்டியலில் வரிகள் இரட்டித்தன. ஃபைல் இருமடங்கானது. அதைப் படிக்கும் சாஃப்ட்வேரோ, 200 அடையாளங்களுக்கு மேல் வராது என்று நம்பி எழுதப்பட்டது. வழக்கமாக 60 அளவில்தான் இருக்கும். எல்லை தாண்டியதும் சாஃப்ட்வேர் விழுந்தது. அதன் வழியாகப் போக வேண்டிய எல்லாமும் விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டேட்டாபேஸின் சில பகுதிகளில் மட்டும் மாற்றம் வந்திருந்ததால், ஒரு தடவை சரியான ஃபைல், அடுத்த தடவை தவறான ஃபைல் என்று மாறி மாறி வந்தது. தளங்கள் எழுந்தன, விழுந்தன, மறுபடி எழுந்தன. யாரோ பெரிய அளவில் தாக்குதல் நடத்துகிறார்கள் என்றுதான் அவர்களே முதலில் சந்தேகப்பட்டார்கள். இரவு 8 மணி அளவில் பெரும்பாலும் சரியானது. முழுதும் சீராக இரவு 10.36 ஆனது. 2019-க்குப் பிறகு தங்களுக்கு நேர்ந்த மிக மோசமான முடக்கம் என்று நிறுவனமே சொன்னது.

அந்த விளக்கத்தில் ஒரு சின்னப் பகுதி என் கவனத்தை இழுத்தது. கிளவுட்ஃபிளேரில் பழைய இன்ஜின், புதிய இன்ஜின் என்று இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. புதியதில் இருந்த தளங்கள் எர்ரர் காட்டி நின்றன. பழையதில் இருந்தவை நிற்கவில்லை. பாட் சோதனை வேலை செய்யவில்லையே தவிர, எல்லோருக்கும் பூஜ்ஜியம் மதிப்பெண் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. செக்போஸ்ட் ஆபீசருக்கு உடம்பு சரியில்லை என்றால் கேட்டைத் திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா என்ற பழைய கேள்விதான் இது. திறந்து வைத்தால் கடத்தல் சரக்கும் போகும். பூட்டினால் காய்கறி லாரி அழுகும். எது சரி என்பது சரக்கைப் பொறுத்தது. ஆனால் அதை முடிவு செய்யும் உரிமை உங்களிடம் இருக்கிறதா, விற்றவரிடம் இருக்கிறதா என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்றும் சொல்ல முடியவில்லை. அதற்கு முன், அக்டோபர் 20 தீபாவளியன்று மதியம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுட் மையத்தில் முகவரிப் பதிவேட்டைப் பராமரிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டதில் ஸ்னாப்சாட், பெர்ப்ளெக்சிட்டி உட்படப் பல சேவைகள் முடங்கின. நம்மூரில் பாதிப் பேர் பட்டாசும் பலகாரமுமாக இருந்ததால் பெரிதாகப் பேசப்படவில்லை.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை மதியம் 2.17-க்கு மறுபடியும் கிளவுட்ஃபிளேர். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக அவசரமாகச் செய்த மாற்றமே கோளாறானது. 25 நிமிடம்தான். ஆனால் அது பங்குச்சந்தை நேரம். ஜெரோதா, குரோ இரண்டும் பாதிக்கப்பட்டன. வாட்ஸ்அப் வழியாக ஆர்டரைக் கையாளும் தன் மாற்று ஏற்பாட்டைப் பயன்படுத்தச் சொன்னது ஜெரோதா. அதைக் கவனியுங்கள். இன்னொரு பிராட்பேண்ட் லைன் அன்று யாருக்கும் உதவியிருக்காது. அந்த செக்போஸ்ட் பக்கமே போகாத இன்னொரு வழிதான் உதவியது.

அப்படியென்றால் பழையபடி பெட்டி வாங்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு நடுத்தர நிறுவனம் தானே ஃபயர்வால் வாங்கி, தானே அப்டேட் செய்து, தாக்குதல் வந்தால் தானே சமாளிப்பது நடக்கிற காரியமில்லை. பெரும் தாக்குதல் ஒன்று வந்தால் அதைத் தாங்கும் கொள்ளளவு இப்படிப்பட்ட பெரிய நெட்வொர்க்குகளிடம் மட்டும்தான் இருக்கிறது. வருடத்தில் சில மணி நேர முடக்கத்துக்குப் பயந்து, மீதி நாள் முழுக்கக் கதவைத் திறந்து போட முடியாது.

பரவலாக்கம் என்றால் தானாகவே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2008 பிப்ரவரி 24-ல் பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காகப் போட்ட பொய்யான வழித்தகவல் வெளியே கசிந்தது. அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள் அதை அப்படியே நம்பின. உலகம் முழுக்க யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் காணாமல் போனது. ரவுண்டானாவில் ஒருவர் தப்பான பக்கம் கை காட்டினால் எல்லோரும் அந்தப் பக்கம் போகும் கதைதான்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், எஸ்டி-வான் விற்பவர் ‘உங்களுக்கு மூன்று பாதை இருக்கிறது, நிற்கவே நிற்காது’ என்று சொல்லும்போதுதான். அவர் சொல்வது பொய்யில்லை. சாலைகளை மட்டும் எண்ணிச் சொல்கிறார். மூன்று சாலையும் ஒரே கேட்டில் போய் முடிகிறதா என்பதைச் சொல்வதில்லை.

கோவையிலிருந்து கோவைக்கு, சென்னை வழியாக

நம்ம ஊருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது. பீளமேட்டில் ஒரு கம்பெனி நெட் எடுத்திருக்கிறது. காந்திபுரத்தில் உள்ள ஆடிட்டர் வேறு கம்பெனி நெட். இரண்டு இணைய நிறுவனங்களும் கோவையில் கைகோத்துக்கொள்ளாமல் சென்னையில் மட்டும் கைகோத்திருந்தால், பீளமேட்டிலிருந்து கிளம்பும் ஃபைல் 500 கிலோமீட்டர் சென்னை போய், அங்கிருந்து 500 கிலோமீட்டர் திரும்பி காந்திபுரம் வரும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால் இந்த 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட்தான் ஆகும். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. வேகத்தை விடுங்கள். உள்ளூர் விஷயம்கூடச் சென்னையை நம்பி நிற்கிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் கரை கடந்தபோது இது தெரிந்தது. கேபிள் சேதத்தால் இணைய வேகம் குறையலாம் என்று ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் அனுப்பியது. மழையே பெய்யாத ஊர்களிலும் நெட் தள்ளாடியது.

இந்தக் கைகோக்கும் இடங்களுக்கு இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். இதற்காகவே 2003-ல் நிக்ஸி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் டான்ஃபினெட் திட்டமும் நல்லதுதான். அது சாலை போடும் வேலை. உள்ளூர் டிராஃபிக் உள்ளூரிலேயே கைமாறும் அளவுக்கு எக்ஸ்சேஞ்ச்களும், செக்போஸ்ட் சாஃப்ட்வேரை இங்கேயே ஓடவைக்கும் டேட்டா சென்டர்களும் இரண்டாம் கட்ட நகரங்களில் பெருகினால்தான் அந்தச் சாலைக்கு முழுப் பலன். இத்தனை தொழில் நடக்கும் ஒரு மண்டலம் இதைச் சத்தமாகக் கேட்கலாம். ரயிலுக்கும் விமானத்துக்கும் கேட்கிறோமே.

முகவரி விஷயத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டது. ஆனால் ‘இந்தியா’ என்ற தேர்வு அதன் ஆப்பில் தொடர்ந்தது. சர்வர் இருப்பது சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும். வெளியே காட்டுவது இந்திய முகவரி. விர்ச்சுவல் என்றால் இதுதான் அர்த்தம். பெயர்ப்பலகை ஓரிடம், கடை வேறிடம். உங்கள் நிறுவனத்தின் டிராஃபிக்கைச் சோதிக்கும் ஃபயர்வால் எந்த நாட்டில் ஓடுகிறது என்று கேட்டால், ‘கிளவுட்ல இருக்குங்க’ என்ற பதிலோடு திருப்திப்பட வேண்டாம்.

‘ஏனுங்க, ரெண்டு லைன் போட்டாச்சே?’

போட்டது சரி. முதலில் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பாருங்கள். இரண்டு கம்பெனிக் கேபிளும் ஒரே இபி கம்பத்தில் தொங்கினால், ஒரு டிப்பர் லாரி போதும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும் ஜேசிபி என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது லைன் தெருவின் வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் வேறு நெட்வொர்க்கின் 5ஜியாக இருக்க வேண்டும்.

அடுத்து, எஸ்டி-வான் கொடுத்தவரிடம் கேளுங்கள்: கிளவுட் செக்போஸ்ட் விழுந்தால் எங்கள் டிராஃபிக் நிற்குமா, நேராகப் போகுமா? வங்கி, ஜிஎஸ்டி, பையர் போர்ட்டல் போன்ற நான்கைந்து முக்கியத் தளங்களுக்கு மட்டும் சோதனையைத் தாண்டிப் போகும் அவசர வழியை முன்கூட்டியே எழுதிவைக்க முடியுமா? பெட்டிகளைக் கட்டுப்படுத்தும் மத்தியக் கன்ட்ரோலர் தொடர்பில் இல்லாவிட்டால், கிளைப் பெட்டிகள் கடைசியாக வாங்கிய உத்தரவை வைத்து எத்தனை மணி நேரம் ஓடும்? சேல்ஸ் ஆளுக்குத் தெரியாது. டெக்னிக்கல் ஆளை வரச் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்துக்குச் சொந்தமாக இணையதளம் இருந்தால், அதன் முகவரிப் பதிவேடான டிஎன்எஸ் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேரை விட்டு வேறு பக்கம் தளத்தைத் திருப்பலாம் என்று நினைத்தவர்களில் சிலருக்கு, திருப்புவதற்கான கன்ட்ரோல் பேனலே அதற்குள்தான் இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போல.

ஜிஎஸ்டி விஷயத்தில் மட்டும் அரசே மாற்றுவழி செய்துவைத்திருக்கிறது. இ-இன்வாய்ஸ் பதிவுக்கு ஆரம்பத்தில் என்ஐசி மட்டும்தான் இருந்தது. 2023-ல் நான்கு தனியார் நிறுவனங்களும் சேர்க்கப்பட்டு இப்போது ஆறு பதிவு போர்ட்டல்கள் உள்ளன. ஒன்று தடுமாறினால் இன்னொன்றில் போடலாம். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள பெரும்பாலான நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்ற நிலையில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் உங்கள் அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரில் ஒரே ஒரு போர்ட்டல்தான் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இ-வே பில்லுக்கும் 2025 ஜூலை 1 முதல் இரண்டாவது போர்ட்டல் இயங்குகிறது. முதல் தளத்தில் போட்ட பில்லில் வண்டி எண்ணை மாற்றுவது, காலத்தை நீட்டிப்பது போன்ற வேலைகளை அதில் செய்யலாம்.

இரண்டு போர்ட்டலும் திறக்கவில்லை, டெம்போவில் லோடு ஏறிவிட்டது, டிரைவர் நிற்கிறார் என்றால் எஸ்எம்எஸ்ஸில் இ-வே பில் போடும் வசதி உண்டு. சாதாரண பட்டன் போனே போதும். ஆனால் அந்த போன் நம்பரை முன்பே இ-வே பில் போர்ட்டலில், பதிவுப் பகுதிக்குள் உள்ள எஸ்எம்எஸ் பிரிவில் சேர்த்திருக்க வேண்டும். அதைச் சேர்க்க போர்ட்டல் திறந்திருக்க வேண்டும்.